லாம்

அணைக்கட்டுத் தாலுகா,
சர்வே எண் இருநூற்றுப் பதினான்கு, உட்பிரிவு மூன்று.
கிராமக் கணக்கில் அதன் பெயர்
தீர்வை ஏற்படாத தரிசு.

என் குறிப்பேட்டில் அது பதினோரு கோடைகள்.
மீட்டருக்கு மீட்டர் கயிற்றுச் சட்டம் போட்டு
முட்டி தேய எண்ணிய புல்.
சித்திரை வெயிலில் கல்மேல் ஏறி
நீலக் கழுத்தை விரித்து விரித்து மடக்கும்
விசிறித் தொண்டை ஓணான், ஆண், நாற்பத்தேழு.
ஆட்காட்டி முட்டைகள் நான்கு.
ஒன்றை நான் மிதித்துவிட்டேன்.
அதையும் எழுதியிருக்கிறேன், தேதியோடு.

பசுமைத் திட்டம் வந்தது.
பத்தாயிரம் கன்றுகள், குழி தோண்டும் இயந்திரம்,
திறப்பு விழாவுக்கு ஷாமியானா.
வேண்டாம் என்று மனு எழுதினேன்.

"மரம் நடாதேன்னு மனு குடுத்த
முதல் சுற்றுச்சூழல் ஆள் நீங்கதான்"
என்றார் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில்
பிரிவுக் கண்காணிப்பாளர் தமீமுன்னிசா.
சிரிக்கவில்லை. முத்திரை குத்தி எண் போட்டார்.

குழுக் கூட்டத்தில் எனக்கு எட்டு நிமிடம்.
நாற்பத்திரண்டு பக்கம், அதில் ஆறு வரைபடம்.
நிழல் விழுந்தால் இந்தப் புல் சாகும்,
புல் செத்தால் முனிரத்தினத்தின் எழுபது ஆடும்
காப்புக்காட்டு வேலிக்குள் நுழையும்,
பிறகு அவர்மேல் வழக்கு.
(பேர்ணாம்பட்டில் தோல் ஷாப் வேலையை விட்டு
ஆடு வாங்கியவர் அவர்.
மூச்சு இப்போதுதான் சீராகியிருக்கிறது.
இதை நான் சொல்லவில்லை. வரைபடத்தில் இடமில்லை.)

தொண்ணூற்றைந்து சதவீத நம்பகம் என்றேன்.
எதிர் வரிசையில் ஒருவர்
பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி கேட்டார்:
"அப்ப மீதி அஞ்சு? தப்பா இருக்கலாமா மேடம்?"
இருக்கலாம், என்றேன்.
படித்த படிப்பு அப்படித்தான் சொல்ல வைக்கும்.

பத்து நாள் கழித்து
வரைவு ஆணையில் அந்தச் சொல் திரும்பி வந்தது:
மேற்படி நிலத்தில் நடவைத் தவிர்க்கலாம்.
நான் எழுதியது, தவிர்க்க வேண்டும்.

ஒரு விகுதி.
அதன் வழியாக ஒரு பொக்லைன் போகும்.

இரவு எட்டரைக்குத் தமீமுன்னிசா அழைத்தார்.
"கோப்பு நாளைக் காலைதான் மேலே போகுது.
உங்க அறிக்கையை எண்ணிப் பார்த்தேன்.
முப்பத்தொரு இடத்தில நீங்களே
'லாம்' போட்டிருக்கீங்க.
எது உங்களுக்கு நிச்சயமாத் தெரியும்?
அதை மட்டும் ஒரு பக்கத்துல குடுங்க."

இப்படி ஒரு கேள்வியை
என் ஆய்வேட்டுக் குழுவில்கூட யாரும் கேட்டதில்லை.

காட்பாடி வாடகை வீட்டில்,
கரண்ட் போன புழுக்கத்தில்,
கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக அடித்தேன்.
குறையலாம், குறையும்.
பாதிக்கலாம், பாதிக்கும்.
சில இடங்களில் பேனா நின்றது.
மூன்று 'லாம்'களை என்னால் அடிக்க முடியவில்லை.
எனக்குத் தெரியாது என்பதுதான் அங்கே உண்மை.
அவற்றை அந்தப் பக்கத்தில் சேர்க்காமல் விட்டேன்.
அது பொய்யா என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஆணை வந்தது.
உட்பிரிவு மூன்று தப்பியது: வேண்டும் என்றே இருந்தது.
கன்றுகள் உட்பிரிவு நான்குக்குப் போயின.
அங்கே நான் ஒரு கோடைகூட எண்ணியதில்லை,
அதனால் அங்கே எதுவும் இல்லை.

இப்போது நான்கிலும் சட்டம் போடுகிறேன்.
ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நிலம்
என்று தொழில் சொல்கிறது,
நாக்கு கூசுகிறது.
முனிரத்தினம் ஆட்டை மறித்துக்கொண்டு கேட்கிறார்,
"இன்னாம்மா, இதுவும் தரிசுதானா?"

குழி அறுபத்திரண்டு.
கன்று காய்ந்து குச்சியாய் நிற்கிறது.
பக்கத்தில் குவித்த மண்மேல் ஓணான், ஆண், ஒன்று.
கழுத்து விரியவில்லை.
மணி பத்து நாற்பது.
காத்திருக்கிறேன்.